வெள்ளிக்கிழமை மீன்

என்னை ஏழு பேர் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஏழு பேரும் ஊருக்குப் போய்த் தகவல் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அந்தத் தகவல் எந்த பஸ்ஸில் ஏறி எந்த ஊரில் இறங்கியதோ, எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்து சேரவில்லை. ஒரு வீட்டார் நான் ரொம்ப உயரம் என்றார்களாம். இன்னொரு வீட்டார், செராமிக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற பெண், வாய் நீளமாக இருக்கும் என்றார்களாம். அவர்கள் உட்கார்ந்திருந்த முக்கால் மணி நேரமும் நான் வாயைத் திறக்கவே இல்லை.

ஏழு தடவையும் ஒரே மாதிரிதான் நடந்தது. அம்மா பக்கத்து வீட்டில் பட்டுப்புடவை இரவல் வாங்குவாள். கேசரி கிண்டுவாள், பஜ்ஜி போடுவாள். நான் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, குனிந்த தலை நிமிராமல் நீட்டிவிட்டு, அப்படியே உள்ளே போய்விட வேண்டும். அந்த ஏழு பேரில் ஒருவர் முகம்கூட எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. அவர்களுடைய செருப்பைக் கேட்டால் சொல்வேன்.

விருத்தாசலம் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன செராமிக் கம்பெனியில் எனக்குச் சரக்கு பார்க்கிற வேலை. சூளையிலிருந்து இறங்குகிற கப், சாசர், ஊறுகாய் ஜாடி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் காதுக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்து விரலால் சுண்டிப் பார்க்க வேண்டும். நல்ல கப் ணங்கென்று ஒலிக்கும். உள்ளே மயிரிழை விரிசல் இருந்தால் டொக்கென்று அடங்கிவிடும். மேலே பூசிய கிளேஸ் பளபளவென்று இருப்பதால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. அதை நான் கவனிக்காமல் விட்டுவிட்டால், எங்கேயோ ஓர் ஊரில் யாரோ சூடாக டீ ஊற்றும்போது கையிலேயே பிளந்துகொள்ளும்.

ஆறு வருஷம் இந்த வேலையைப் பார்த்ததில் கை சும்மா இருப்பதில்லை. தேங்காய், சொம்பு, பக்கத்து வீட்டுக் குழந்தையின் மண்டை வரை சுண்டிப் பார்த்துவிடுவேன். தினம் நாற்பது கப்பை ஒதுக்கித் தள்ளுகிறவளை ஏழு வீட்டார் ஒதுக்கித் தள்ளியது ஒன்றும் அநியாயம் இல்லை என்று ரெஜினா அக்கா கேலி செய்வாள். வேறு யாராவது சொல்லியிருந்தால் கப்பாலேயே அடித்திருப்பேன்.

ரெஜினா அக்கா எங்கள் கம்பெனியில் வைக்கோல் வைத்துப் பெட்டி கட்டுகிறவள். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரக் குடும்பம், வெள்ளிக்கிழமையானால் கறி தொடமாட்டாள், மீன் சாப்பிடுவாள். எங்கள் வீட்டிலோ வெள்ளிக்கிழமை என்றால் வாசல் முதல் அடுப்படி வரை கழுவிவிட்டு, கருவாடு என்கிற வார்த்தையைக்கூட அம்மா காதில் வாங்கமாட்டாள். இப்படி இருக்க, நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, என் தூக்குவாளியில் சாம்பார் ஊசிப்போய்விட்டது. ரெஜினா அக்கா சைக்கிளை எடுத்து, என்னைப் பின்னால் உட்கார வைத்து, மீன் மார்க்கெட் பக்கத்தில் இருக்கிற காசியம்மாள் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

மேலே தகரம், கீழே மண் தரை, இரண்டு பெஞ்சு, அவ்வளவுதான் கடை. கடலூரிலிருந்து காலை ரயிலில் கூடை வந்து இறங்கும். ஏரி மீன் திட்டக்குடி பஸ்ஸில் வரும். வெள்ளிக்கிழமை மார்க்கெட்டில் கூட்டம் இருக்காது, பாதிப் பேர் கடை விரிக்கவே மாட்டார்கள். அதனால் காசியம்மாள் இருப்பதிலேயே நல்ல மீனாகப் பொறுக்கி எடுத்துவிடுவாள். அன்றைக்கு அவள் போட்ட சங்கரா வறுவலைத் தின்றேன். வெளியே மொறுமொறுவென்று, உள்ளே வெண்ணெய் மாதிரி. முதல் வாயில் பயம் இருந்தது, இரண்டாம் வாயில் இல்லை.

அதற்கப்புறம் நாலு வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை தவறவில்லை. சாப்பிட்டு முடித்ததும் காசியம்மாள் எலுமிச்சம்பழத் தோல் ஒன்றைக் கொடுப்பாள். விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்துக் கழுவி, முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். சாயங்காலம் அந்தக் கையாலேயே வீட்டில் விளக்கேற்றுவேன். குற்ற உணர்ச்சி இருந்தது. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் சைக்கிளில் ஏறும்போது இருக்காது.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஆவணி மாதம்தான் எட்டாவது மாப்பிள்ளைப் பேச்சு வந்தது. கொண்டுவந்தவர் ரெஜினா அக்காவின் வீட்டுக்காரர் அமிர்தசாமி அண்ணன். அவர் பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் பிட்டர். அங்கே கரும்பு எடை மேடையில் சீட்டு எழுதுகிற கொளஞ்சி என்பவருக்குப் பெண் தேடுகிறார்கள் என்றார். வயது முப்பத்தைந்து. அப்பா அம்மா இல்லை, அக்கா வீட்டில்தான் சாப்பாடு. சீசன் தொழிலாளி, அதாவது கரும்பு வருகிற மாதங்களில் மட்டும்தான் வேலை, மிச்ச மாதம் சும்மா இருக்க வேண்டும். அதைச் சொன்னதுமே பெண் வீட்டார் பின்வாங்கிவிடுகிறார்கள் என்றார்.

எனக்கு அந்த ஆள்மேல் கோபம் இல்லை. எட்டாவது பஜ்ஜித் தட்டின் மேல்தான் கோபம். இனிமேல் அதைத் தூக்கமாட்டேன் என்று ரெஜினா அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

"அவரு காசியம்மா கடைக்கு வரட்டும்க்கா. நான் சாப்புடறப்ப எதிர்ல ஒக்காரட்டும். நான் எப்பிடித் திங்கறனோ, எப்பிடிப் பேசறனோ, அப்பிடியே பாக்கட்டும். நானும் அவரப் பாக்கறேன். சரிப்பட்டா அப்பறம் வூட்டுக்கு வரட்டும்" என்றேன்.

ரெஜினா அக்கா கையிலிருந்த வைக்கோலைப் பெட்டியில் திணித்தாள். பிறகு சரி என்றாள். அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தோம். எப்போது வரச் சொல்வது என்று அமிர்தசாமி அண்ணன் கேட்டதற்கு, வெள்ளிக்கிழமை மதியம் என்று சொன்னாள். நானும் தலையை ஆட்டினேன்.

எங்கள் மூன்று பேர் புத்தியும் எங்கே மேயப் போயிருந்ததோ தெரியவில்லை. ரெஜினா அக்காவுக்கும் அமிர்தசாமி அண்ணனுக்கும் வெள்ளிக்கிழமை என்றால் மீன். நாலு வருஷப் பழக்கத்தில் எனக்கும் அப்படியே ஆகிவிட்டது. ஊரில் முக்கால்வாசிப் பேர் அன்றைக்கு மீனைத் தொடமாட்டார்கள் என்பது ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை. அந்த வெள்ளிக்கிழமை காலையில் நான் தலைக்குக் குளித்து, விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்பினேன். அப்போதுகூட ஏறவில்லை.

மதியம் நாங்கள் போய் உட்கார்ந்ததும், காசியம்மாள் இலை போட்டு, சோறு வைத்து, இரண்டு சங்கரா வறுவலை என் இலையில் வைத்தாள். விஷயம் அவளுக்கும் தெரியும். அதனால் வழக்கத்தைவிடப் பெரிய மீன். நான் ஒன்றைப் பிய்த்து வாய்க்குக் கொண்டுபோன சமயம், வாசல் பக்கம் பார்த்த ரெஜினா அக்காவின் முகம் வெளிறிவிட்டது.

மார்க்கெட்டில் வழிந்து கிடக்கிற மீன் தண்ணீரில் கால் படாமல், வெள்ளை வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவர் வந்துகொண்டிருந்தார். நெற்றி நிறைய விபூதி, நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். சட்டைப் பையில் கோயில் பூ எட்டிப் பார்த்தது. அப்போதுதான் எனக்கு அன்றைக்கு வெள்ளிக்கிழமை என்பது உறைத்தது. பிய்த்த மீன் விரலில் அப்படியே நின்றது.

ரெஜினா அக்கா பெட்டி கட்டுகிறவள், அவள் கைக்கு வேகம் அதிகம். நான் கண் சிமிட்டுவதற்குள் என் இலையிலிருந்த மீனையும் விரலில் இருந்ததையும் பிடுங்கித் தன் இலையில் போட்டுக்கொண்டாள். காசியம்மாள் அதற்கும் மேலே. என் இலையையே சுருட்டி எடுத்துவிட்டு வேறு இலை போட்டு, வெறும் சோறும் நார்த்தங்காய் ஊறுகாயும் வைத்தாள்.

அவர் உள்ளே வந்து, ரெஜினா அக்காவை அடையாளம் தெரிந்துகொண்டு, கும்பிட்டுவிட்டு எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார். என்ன மீன் வைக்கட்டும் என்று காசியம்மாள் கேட்டாள். அவர் சங்கடமாகச் சிரித்து, இங்கே சைவம் ஏதும் உண்டா என்று கேட்டார். இது மீன் மார்க்கெட்டு தம்பி, மோர் இருக்குது என்றாள் அவள். அவர் சோறும் மோரும் போதும் என்றார். பக்கத்தில் ஏதோ சைவச் சாப்பாட்டுக் கடை என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார் பாவம்.

பிறகு அவர் பார்வை ரெஜினா அக்காவின் இலைக்குப் போனது. அதில் நாலு மீன், ஒன்று பிய்ந்து கிடந்தது.

"எல்லாம் எனக்குத்தாங்க. அனுசியா வெள்ளிக்கெழம தொடாது. எனக்குத் தொணைக்கு வந்துச்சி" என்று என்னைக் காட்டினாள் ரெஜினா அக்கா.

அவர் முகம் தெளிந்தது. தங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்றார். ரெஜினா அக்கா பெஞ்சுக்குக் கீழே என் காலை லேசாகத் தட்டினாள், பிழைத்தோம் என்கிற மாதிரி.

நான் மோரை ஊற்றிப் பிசைந்தேன். கையில் மீன் வாசனை, வாயில் நார்த்தங்காய். அவர் ரெஜினா அக்காவிடம் என்னைப் பற்றி ஒவ்வொன்றாக விசாரித்தார். எத்தனை வருஷ வேலை, எத்தனை மணிக்குப் போக வேண்டும், கம்பெனி தூரமா என்றெல்லாம். அவள் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பிசைந்ததையே பிசைந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் என் தலை குனிந்திருப்பதைக் கவனித்தேன். பெஞ்சுக்குக் கீழே அவர் செருப்பு தெரிந்தது. வலது கால் வார் அறுந்து தைத்த தோல் செருப்பு. எட்டாவது செருப்பு.

எனக்கு அழுகை முட்டியது. பட்டுப்புடவை இல்லை, கேசரி இல்லை, அம்மா கதவுக்குப் பின்னால் நின்று கையைப் பிசையவில்லை. ஆனாலும் நான் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி இவ்வளவு தூரம் சைக்கிளில் வந்து, அதே பஜ்ஜித் தட்டை வேறு கடையில் தூக்கிக்கொண்டிருந்தேன். ரெஜினா அக்காமேல் கோபம் வந்தது. காசியம்மாள்மேல் வந்தது. எல்லாரையும்விட, சும்மா உட்கார்ந்து பிடுங்கக் கொடுத்த என்மேல் வந்தது.

அந்த நேரத்தில் அவர் எதிரில் இருந்த மோர்க் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது உங்கள் கம்பெனி கப்பா என்று ரெஜினா அக்காவைக் கேட்டார். ஆமாம், இதையெல்லாம் சரி பார்க்கிறதுதான் அனுசியா வேலை என்றாள் அவள். மேலே பூச்சு பூசினபிறகு உள்ளே இருக்கிற விரிசலை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவர் கேட்டார். அதற்கு ரெஜினா அக்காவுக்குப் பதில் தெரியாது. என்னைப் பார்த்தாள்.

நான் கையை நீட்டி அந்தக் கப்பைச் சுண்டினேன். டொக்கென்றது.

"இது நான் ஒதுக்கித் தள்ளுனதுங்க. காசியம்மா மோருக்குன்னு கேட்டு வாங்கிட்டு வந்தது. மோருக்குத் தாங்கும். சூடா எதையாச்சும் ஊத்துனா புட்டுக்கும்" என்றேன்.

பேசியதும் தலை தானாக நிமிர்ந்துவிட்டது. அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். கறுத்த, அகலமான முகம். முன்பல் ஒன்று இன்னொன்றின்மேல் கொஞ்சம் ஏறி நின்றது. கண் சாந்தமாக இருந்தது. இந்த ஆளிடம் பொய் சொல்லிக் கட்டிக்கொண்டால், என்றைக்காவது ஒரு நாள் அது இவர் கையில்தான் பிளந்துகொள்ளும் என்று தோன்றியது. சொல்லிவிட்டால் எட்டாவதும் போய்விடும். எனக்கு இருபத்தொன்பது வயது. ஒன்பதாவது வருமா என்று தெரியாது.

"அக்கா எலையில இருக்கற மீனு என்னுதுங்க" என்றேன்.

ரெஜினா அக்கா இந்தத் தடவை என் காலைப் பலமாக மிதித்தாள். நான் நிறுத்தவில்லை.

"நாலு வருஷமா வெள்ளிக்கெழம தவறாம இங்கதான் மீன் திங்கறேன். அம்மாவுக்குத் தெரியாது. எலுமிச்சத் தோல்ல கையத் தேச்சிட்டுத்தான் வூட்டுக்குப் போறேன். நீங்க வர்றதப் பாத்ததும் அக்கா எடுத்து ஒளிச்சிட்டாங்க. எனக்கு நல்லது பண்றதா நெனச்சித்தான் பண்ணாங்க. ஆனா எனக்குப் புடிக்கல."

சொல்லி முடித்தபோது காசியம்மாள் அடுப்படியில் கரண்டியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அடுத்த பெஞ்சில் லாரி டிரைவர் ஒருவர் முள்ளை எடுப்பதை நிறுத்திவிட்டார். கொளஞ்சி என்கிற அந்த மனிதர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். எழுந்து போவதானால் இப்போதே போய்த் தொலையட்டும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"ஆறிடப் போவுது, சாப்புடுங்க" என்றார் அவர்.

எனக்குப் புரியவில்லை. அவர் ரெஜினா அக்காவின் இலையைக் கண்ணால் காட்டினார்.

"நான் வெள்ளிக்கெழம தொட மாட்டேங்க. அது என் பழக்கம். உங்க எலையில என்னா இருக்கணும்னு நான் எப்பிடிங்க சொல்றது?"

ரெஜினா அக்கா இரண்டு மீனையும் எடுத்து என் இலையில் வைத்தாள். காசியம்மாள் சும்மா இருக்காமல் சூடாக இன்னொன்றையும் கொண்டுவந்து போட்டாள். நான் சாப்பிட்டேன். கண்ணில் நீர் வழிந்தது. மிளகாய் காரம் என்று யாராவது நினைத்துக்கொண்டால் நினைத்துக்கொள்ளட்டும் என்று துடைக்காமல் சாப்பிட்டேன். அவர் எதிரில் உட்கார்ந்து மோர்ச் சோற்றை நிதானமாக முடித்தார்.

அப்புறம் பேச்சு தானாக வந்தது. எடை மேடையில் கரும்பு வண்டிக்காரர்கள் செய்கிற தில்லுமுல்லுகளைச் சொன்னார். கரும்பைக் கையில் பிடித்தாலே சாறு எப்படி என்று சொல்லிவிடுவாராம். நான் என் சுண்டிப் பார்க்கிற வேலையைச் சொன்னேன். விபூதி விஷயம் கேட்டேன். வரும் வழியில் மணவாளநல்லூரில் இறங்கி, கொளஞ்சியப்பரைக் கும்பிட்டுவிட்டு வருவதாகச் சொன்னார். பேரே அந்தச் சாமி பேர்தான். அங்கே பிராது ஒன்று கட்டியிருக்கிறேன், இன்றைக்கு எழுபத்து மூன்றாம் நாள் என்றார்.

எங்கள் பக்கத்தில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. களவு போனது, ஏமாந்தது, மனக்குறை, எதுவானாலும் மனுவாகக் காகிதத்தில் எழுதி, சாமி காலடியில் வைத்து, கோயிலில் கட்டிவிட்டு வருவார்கள். தொண்ணூறு நாளில் சாமி தீர்ப்பு சொல்லிவிடுவார் என்பது நம்பிக்கை. காரியம் முடிந்ததும் போய் வாபஸ் வாங்கிக்கொண்டு வர வேண்டும். யார்மேல் பிராது என்று கேட்டேன். அதை வெளியில் சொல்லக் கூடாது என்று சிரித்து மழுப்பிவிட்டார்.

கை கழுவிவிட்டுக் கிளம்பும்போது, செவ்வாயும் வெள்ளியும்தான் தனக்கு ஆகாது என்றும், புதன்கிழமை எனக்கு எத்தனை மணிக்குச் சாப்பாட்டு நேரம் என்றும் கேட்டார். ஒரு மணிக்கு என்றேன். சைக்கிளில் திரும்பும்போது ரெஜினா அக்கா வழி நெடுக என்னைத் திட்டிக்கொண்டே மிதித்தாள். ரயில்வே கேட் அடைத்திருந்தபோது காலை ஊன்றி நின்று, திரும்பி என் கன்னத்தைக் கிள்ளினாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொளஞ்சியைப் பற்றிச் சொன்னதைவிட மீனைப் பற்றிச் சொன்னதுதான் அவளை உலுக்கியது. நாலு வருஷம், வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு வெள்ளி என்று விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, நான் தொட்ட விளக்கை எடுத்துப் போய்ப் புளி போட்டுத் தேய்த்தாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சோறு போடும்போது என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அந்தப் புள்ள அன்னிக்கி என்னாதான் சாப்புட்டுச்சி?"

"மோரு சோறுதான்" என்றேன்.

"பாவம்" என்றாள் அம்மா. அதோடு கோபம் தீர்ந்துவிட்டது.

புதன்கிழமை அவர் சொன்ன நேரத்துக்கு வந்தார். கடைக்குள் வருவதற்கு முன் மார்க்கெட்டில் தானே மீன் வாங்கிக்கொண்டு வந்து காசியம்மாளிடம் நீட்டினார். அவள் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது முந்தாநாள் செத்த மீன், யார் தலையில் கட்டினார்கள் என்று கேட்டுக்கொண்டே எழுந்து போய், விற்றவளோடு ஒரு சண்டை போட்டு மாற்றிக்கொண்டு வந்தாள். கரும்பைத் தொட்டதும் சாறு சொல்கிறவருக்கு மீன் கண்ணைப் பார்க்கத் தெரியவில்லை. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார். கல்யாணம் ஆனாலும் வேலையை விடமாட்டேன், பெண்ணாடத்திலிருந்து பஸ்ஸில் வந்து போவேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். ஆலை ஓடாத மாதத்தில் தானே சோறு ஆக்கி வைப்பதாகச் சொன்னார். குழம்பு மட்டும் கொஞ்சம் தண்ணியாக இருக்கும் என்று முன்கூட்டியே எச்சரித்தார்.

ஆவணி முடிவதற்குள் அவர் தன் அக்காவைக் கூட்டிக்கொண்டு முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் வேலைக்குக் கட்டுகிற புடவையில்தான் இருந்தேன். அம்மா மனசு கேட்காமல் பஜ்ஜி போட்டுவிட்டாள். நான் தட்டைத் தூக்கமாட்டேன் என்றதும் அவளே கொண்டுவந்து வைத்தாள். அவர் கேசரியை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். பஜ்ஜியை மட்டும் ஒன்றுகூடத் தொடவில்லை. பஜ்ஜி பிடிக்காத மனிதரும் உண்டா என்று அம்மாவுக்கு ஆச்சரியம்.

ஐப்பசியில் கல்யாணம் முடிந்தது. அடுத்த வாரம் ஒரு வியாழக்கிழமை நான் லீவு போட்டேன். பிராதை வாபஸ் வாங்க இரண்டு பேரும் மணவாளநல்லூர் போனோம். என்றைக்குக் கட்டியது என்று தேதி கேட்டார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். எடை மேடையில் ஒரு சீட்டுக்கு மூன்று நகல் எழுதிப் பழகிய மனிதர். சாமிக்கு எழுதிய பிராதையும் கார்பன் வைத்து எழுதியிருக்கிறார். தேதியைச் சொல்லிவிட்டு மடிக்கப் போனவரிடமிருந்து அதைப் பிடுங்கினேன். காரியம்தான் முடிந்துவிட்டதே, இனி ரகசியம் என்ன என்றேன். அவர் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

நீல எழுத்தில் இப்படி இருந்தது:

"கொளஞ்சியப்பர் சமூகத்துக்கு, பெண்ணாடம் கொளஞ்சி தாழ்மையுடன் எழுதிக்கொண்ட பிராது. இதுவரை ஒன்பது வீட்டில் பஜ்ஜி சாப்பிட்டேன். ஒன்பது பெண்களும் நல்லவர்கள், யார்மேலும் புகார் இல்லை. ஆனால் ஒருவர்கூட என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. என் முகத்தைப் பார்த்து, மனதில் இருப்பதைச் சொல்லுகிற ஒரு பெண்ணைத் தொண்ணூறு நாளைக்குள் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். அதுவரை நான் பஜ்ஜி தொடமாட்டேன்."

இரண்டு தடவை படித்தேன். அந்த வெள்ளிக்கிழமை காசியம்மாள் கடையில் நான் வாயை மூடிக்கொண்டு மோர்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்திருந்தால், பத்தாவது ஆளாகப் போயிருப்பேன். அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதேன். அவர் பதறிப்போய், என்ன எழுத்துப்பிழையா என்று கேட்டார். திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டில் நாலு பஜ்ஜி வாங்கினேன். அவர் மூன்று தின்றார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மதியம் ரெஜினா அக்காவும் நானும் காசியம்மாள் கடைக்குப் போனபோது, அவர் எங்களுக்கு முன்னாலேயே வந்து, நெற்றி நிறைய விபூதியோடு எதிர் பெஞ்சில் மோரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குச் சங்கரா வந்தது. இரண்டு பேரும் சாப்பிட்டோம். அன்றைக்குச் சாயங்காலம் அம்மா வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. எழுந்து கை கழுவப் போனபோது காசியம்மாள் வழக்கம்போல எலுமிச்சம்பழத் தோலை நீட்டினாள்.

வேண்டாம் காசியம்மா என்றேன்.